கிளம்பின கல்லுக்கே திரும்பி வா

டிப்ளமோ சிவில் முடித்து நெடுஞ்சாலை சர்வே குழு ஒன்றில் சேர்ந்தபோது, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை இயக்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். பாலிடெக்னிக்கில் அந்தக் கருவியைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கும். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். சைட்டில் என் கைக்கு வந்ததோ ஸ்டாஃப். இழுத்தால் நான்கு மீட்டர் வரை நீளும் அலுமினியக் கம்பம். முகத்தில் கருப்பும் சிவப்புமாக ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள். "இதப் பிடிக்கத் தெரியாதவன் கருவியில கண்ண வச்சு என்ன பாக்கப் போறான்?" என்றார் எங்கள் சர்வேயர். குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலை அது. சாலை வேலைக்கு சர்வேயர் இரண்டு முறை வர வேண்டும். முதல் முறை, இருக்கும் தரையைத் தாளுக்குக் கொண்டுபோக. சமவெளியில் பொதுவாக 50 மீட்டருக்கு ஒன்று, வளைவுகளில் இன்னும் நெருக்கமாக, சாலைக்குக் குறுக்கே தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து எழுதுவோம். அதை வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் எங்கே வெட்டுவது, எங்கே மண் நிரப்புவது, எந்த இடத்தில் சிறுபாலம் வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். இரண்டாம் முறை, அந்தத் தாளில் வரைந்ததைத் தரைக்குக் கொண்டுவர. நாங்கள் அடிக்கும் ஆணியைப் பார்த்துத்தான் கிரேடர் மண்ணைச் சீவும், பேவர் தாரைப் பரப்பும்.

ஸ்டாஃபைச் சும்மா பிடித்து நிற்பதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைத்தேன். ஆடிக் காற்று அதற்குப் பதில் சொன்னது. கரிசல் வெளியில் மறிப்பதற்கு ஒரு பனைகூட இல்லை. நான்கு மீட்டர் கம்பத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது இன்னும் ஆடியது. கருவிக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி கையை இடமும் வலமும் வீசிக்கொண்டே இருப்பார். ஸ்டாஃப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அளவு கூடத்தான் செய்யும், குறையவே குறையாது. மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சாண் சாய்ந்தால் 8 மில்லிமீட்டர் கூடிவிடும். தார்ச்சாலையின் மேலடுக்குக்கு விதிமுறை தரும் சலுகையே மேலும் கீழும் 6 மில்லிமீட்டர்தான். அதாவது, நான் அசட்டையாக நின்ற ஒரு நிமிடத்திலேயே சாலை கெட்டுப்போக வழி இருந்தது.

"முஷ்டிய விடு தம்பி. விரல் நுனியால பிடி" என்றார். கம்பத்தின் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை மட்டும் வைத்துப் பழகச் சொன்னார். பல நாள் அது என் மேல் சரிந்து விழுந்தது. பிறகு ஒரு காலையில் திடீரென்று புரிந்தது: நேராக நிற்கும் ஸ்டாஃபுக்கு விரலில் கனமே கிடையாது. எந்த விரலில் பாரம் தெரிகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி கை காட்டும்போது மெதுவாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். குழலுக்குள் எண் ஏறி இறங்கும். அதில் ஆகக் குறைந்த எண்தான் நிமிர்ந்த நிலையின் எண்.

மழைக்காலம் வந்ததும் வேறு பாடம். ஈரக் கரிசல் எதைத் தொட்டாலும் விடாது. செருப்பில் ஒட்டியதை உதறிக்கொண்டே நடந்தவனுக்கு, ஸ்டாஃபின் அடியிலும் அது ஒட்டியிருக்கும் என்று தோன்றவில்லை. அரை நாள் வேலை முடிந்த பிறகு அண்ணாச்சி வந்து ஸ்டாஃபைத் தலைகீழாகத் திருப்பினார். அடித்தகட்டில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரல் நகத்தால் ஒரே வில்லையாகப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது எத்தன மில்லி இருக்கும்? இதையும் சேத்துத்தான் சாலை போடணுமா?" அந்த அரை நாள் அளவுகளையும் குறுக்கே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். மறுநாள் முதலிலிருந்து எடுத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் வைப்பதற்கு முன் அடியைக் கட்டைவிரலால் துடைப்பது என் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கணுவையும் இழுக்கும்போது பொத்தான் 'டக்'கென்று விழுகிறதா என்று காது கொடுப்பதும் அப்படித்தான். பொத்தான் முழுதாக விழாத கணு, வேலை நடக்க நடக்கத் தன்னால் கீழே இறங்கும்.

அதற்குப் பிறகே ஆட்டோ லெவலைத் தொட விட்டார். கிடைமட்டமாக ஒரு பார்வைக் கோட்டைத் தரும் சிறிய தொலைநோக்கி அது. முக்காலியின் கால்களை மண்ணில் மிதித்து ஊன்றி, மூன்று திருகுகளால் வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் திருகத் திருகக் குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றாக உள்ளே அல்லது ஒன்றாக வெளியே திருப்ப வேண்டும்; இடது கட்டைவிரல் போகும் திசையில் குமிழி போகும். இதை அண்ணாச்சி வாயால் சொல்லவில்லை. என் கைகளின் மேல் தன் கைகளை வைத்துத் திருப்பினார்.

குமிழி அடங்கியும் எண் அடங்கவில்லை. குழலுக்குள் கண்ணைச் சற்றே மேலே கீழே அசைத்தால், குறுக்குக்கம்பி ஸ்டாஃபின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே இடத்தில் 1.482 என்றும் 1.485 என்றும் படித்தேன். கருவி கெட்டுவிட்டது என்று முறையிட்டேன். அண்ணாச்சி குழலை வெறும் வானத்துக்குத் திருப்பி, கண் வைக்கும் முனையின் வளையத்தைச் சுழற்றச் சொன்னார். மங்கலாக இருந்த குறுக்குக்கம்பி கருகருவென்று தெளிந்தது. அதன் பிறகு ஸ்டாஃபைக் குவித்தால், கண்ணை எப்படி அசைத்தாலும் கம்பி கட்டத்தோடு ஒட்டி நின்றது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் அந்த வளையம் வேறு இடத்தில் நிற்கும். அவர் கண்ணுக்கு வைத்ததில் நான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு மேல் ஸ்டாஃபின் அடிப்பகுதி நெளிய ஆரம்பிக்கும். சூடேறிய தரையை ஒட்டிய காற்று பார்வைக் கோட்டையே வளைத்துவிடும். கட்டாயம் என்றால் தூரத்தைக் குறைத்துக்கொள்வோம்; இல்லையென்றால் வேப்பமர நிழலில் கணக்கு எழுதுவோம். வெயில் என்பது இந்தத் தொழிலின் பழைய எதிரி என்று அண்ணாச்சி அப்போது சொல்வார். 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் 12 கிலோமீட்டர் அளவில் ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பெரிய முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். அப்போது எஃகுச் சங்கிலி வெயிலில் நீளாமலிருக்க அதற்கு நிழல் கட்டித்தான் அளந்திருக்கிறார்கள். எங்கள் 30 மீட்டர் எஃகு டேப்பும் வெப்பம் 10 டிகிரி ஏறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும்.

அடுத்த குழப்பம் உயரம் எதிலிருந்து என்பது. செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் டி.ஜி.பி.எஸ். கருவியை முதன்முதலில் திறந்தபோது உயரம் மைனஸில் காட்டியது. வறண்ட காட்டில் நின்றுகொண்டு, கடலுக்கடியில் ஐம்பது மீட்டர் ஆழத்தில் இருப்பதாகப் படித்தேன். கருவியில் பிழையில்லை. பூமியைச் சற்றே தட்டையான ஒரு சீரான உருண்டையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தப் பரப்பிலிருந்து அது உயரம் சொல்கிறது. நமக்கு வேண்டியது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உயரம். ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் எழுதியிருக்கிறதே, அது. தென் தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் இடையே 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது கடல் மட்டக் கணக்கில்தான் தெரியும். அதனால் இத்தனை புதுக் கருவிகள் வந்த பிறகும், உயரத்தைக் கல்லுக்குக் கல் ஆட்டோ லெவலால் கொண்டுபோகிறோம்.

அந்தக் கல்லுக்கு டி.பி.எம். என்று பெயர். உயரம் தெரிந்த, அசையாத ஒரு குறி. முதல் டி.பி.எம்.மை நானே வைக்கட்டும் என்று விட்டார்கள். சாலையோரம் ஒரு முளையை ஆழமாக அடித்து, தலையில் ஆணி இறக்கி, சிவப்புப் பெயிண்ட் பூசினேன். பார்க்க அழகாக இருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்த பின் திரும்பவும் லெவல் எடுக்கச் சொன்னார். என் ஆணி உயர்ந்திருந்தது. கரிசல் ஈரத்தில் உப்பும், கோடையில் பிளந்து சுருங்கும். அதற்குள் அடித்த முளையும் கூடவே ஏறி இறங்கும். "மண்ண நம்பாத. மண்ணுக்குள்ள ஆழமா கால் வச்சிருக்கத நம்பு" என்று பழைய சிறுபாலத்தின் பக்கச்சுவரைக் காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு ஊரிலும் என் கண் முதலில் தேடியது சிறுபாலத்தின் மூலைக்கல்லை, கோயில் வாசற்படியை, கிணற்றுத் திட்டை.

லெவல் புக் எழுதுவதிலும் அவர் சட்டம் கடுமை. ரப்பருக்கு இடமில்லை. தப்பான எண்ணை ஒரே கோடால் அடிக்க வேண்டும். அடிபட்ட எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். உயரம் தெரிந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பது பேக்சைட், தெரியாத இடத்தை முன்னோக்கிப் பார்ப்பது ஃபோர்சைட். பக்கத்தின் அடியில் இரண்டையும் கூட்டிக் கழித்தால் வருவது, தொடங்கிய உயரத்துக்கும் முடித்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதும் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். "கூட்டல் கழித்தல் சரின்னு அர்த்தம். அளந்தது சரின்னு யார் சொன்னா?" என்பார். "கிளம்பின கல்லுக்கே திரும்பி வா." அதாவது, அன்றைக்கு எவ்வளவு தூரம் போனாலும், லெவல் எடுத்துக்கொண்டே புறப்பட்ட டி.பி.எம்.முக்கு வந்து சேர வேண்டும். புறப்பட்ட உயரம் திரும்பக் கிடைக்க வேண்டும். போய் வந்த கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர் வரை பாடப்புத்தகம் சலுகை தரும். அண்ணாச்சி அதில் பாதிதான் தந்தார். நான்கு கிலோமீட்டருக்கு 12 மில்லிமீட்டர். எத்தனையோ மாலைகளில் என் கணக்கு மூடாமல், இருட்டும் வரை வந்த வழியே திரும்ப நடந்திருக்கிறேன்.

அப்படியிருக்க, ஒரு ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் லெவல் கொண்டுபோய்த் திரும்பியபோது என் கணக்கு ஒரே மில்லிமீட்டரில் மூடியது. அதைக் காட்டுவதற்காக ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். அண்ணாச்சி மூடிய கணக்கைப் பார்க்கவே இல்லை. "மேல பாலத்துக்காரங்க வச்ச குறி இருக்கே, அது என்ன வந்துச்சு?" என்று கேட்டார். அது 12 மில்லிமீட்டர் தள்ளி வந்திருந்தது. அவர்கள் குறிதான் தப்பு என்றேன். என் கணக்குதான் மூடிவிட்டதே!

அவர் என் புத்தகத்தை வாங்கி, குறுக்குக்கம்பிக்கு மேலும் கீழும் இருக்கும் சிறு கம்பிகளில் நான் படித்த எண்களைப் பார்த்தார். இரண்டின் வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் கருவிக்கும் ஸ்டாஃபுக்கும் உள்ள தூரம். மேடு ஏறும்போது பின்னால் எட்டத்திலிருப்பதும் தெரியும். முன்னால் கொஞ்சம் தள்ளினாலே ஸ்டாஃபின் அடி பார்வைக் கோட்டுக்கு மேலே போய்விடும். அதனால் எனக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்தூரம் 50 மீட்டர், முன்தூரம் 20 மீட்டர் என்று அமைந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்று மாலை சமதரையில் 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகள் அடித்தார். கருவியைச் சரி பாதியில் வைத்து இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுத்தோம். பிறகு கருவியை ஓர் ஆணிக்குப் பக்கத்தில் நகர்த்தி அதே வித்தியாசத்தை எடுத்தோம். இரண்டும் 6 மில்லிமீட்டர் மாறின. கருவியின் பார்வைக் கோடு சமமாக இல்லை. 10 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் வைத்தால் இரு பக்கமும் ஒரே அளவு ஏறுவதால் பிழை தன்னால் கழிந்துவிடும். பின்னால் 30 மீட்டர் கூடுதலாக வைத்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 3 மில்லிமீட்டர் சேரும். நான்கு நிறுத்தங்களுக்கு 12. இறங்கி வரும்போது தூரங்கள் தலைகீழாக மாறியதால் அதே 12 மறுபடி கழிந்து, கணக்கு மூடிவிட்டது.

கிளம்பின கல்லுக்கே திரும்பினாலும் பிழை ஒளிந்திருக்க முடியும் என்பதை அன்று பார்த்தேன். அந்த உயரங்களை வைத்துச் சாலை போட்டிருந்தால், பாலமும் சாலையும் சேரும் இணைப்பில் ஒரு படி நின்றிருக்கும். பஸ்ஸில் தூங்குகிறவர்களைத் தூக்கிப்போடும் அந்த இணைப்புகளை நமக்கெல்லாம் தெரியும். அண்ணாச்சி திட்டவில்லை. "கருவியும் தப்பு பண்ணும், நீயும் தப்பு பண்ணுவ. ரெண்டும் தன்னால வெளிய வர்ற மாதிரி, இல்ல தன்னால கழிஞ்சு போற மாதிரி வேலைய அடுக்கணும். அதுதான் சர்வே" என்றார். அன்றிரவே லெவல் புக்கில் இரண்டு பத்திகள் கூடுதலாகக் கோடு போட்டேன்: பின்தூரம், முன்தூரம்.

டோட்டல் ஸ்டேஷன் என் கைக்கு வந்தபோது அதே பாடம் வேறு உருவில் வந்தது. தெரிந்த ஒரு புள்ளியில் நின்று, தெரிந்த இன்னொரு புள்ளியைப் பார்த்துத் திசை கொடுத்தால், வடிவமைத்த இடத்தைக் கருவியே காட்டும். கருவி குறிபார்க்கும் பிரிசத்தைப் பிடிப்பவரை அங்கே நகர்த்தி ஆணி அடிக்க வேண்டும். ஒரு வளைவில் 10 மீட்டருக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே போனேன். திரை எல்லாவற்றையும் சரி என்றது. அண்ணாச்சி வளைவின் தொடக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி ஆணி வரிசையைப் பார்த்தார். "அந்த சிவப்புத் துணிக்கு அப்புறம் கோடு ஒடியுது" என்றார். போய்ப் பார்த்தால், அந்த இடத்தில்தான் தண்ணீர் குடிக்க நகர்ந்தபோது முக்காலியின் காலில் என் முழங்கால் இடித்திருந்தது. கோணத்தில் ஒரு மினிட் பிசகினால் 100 மீட்டரில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளும். கருவிக்கு அது தெரியாது. முதலில் கொடுத்த திசையையே நம்பிக்கொண்டிருக்கும். இப்போது ஐந்தாறு ஆணிகளுக்கு ஒருமுறை பழைய புள்ளியைத் திரும்பிப் பார்க்கிறேன். அது மாறியிருந்தால், நடுவில் அடித்த ஆணிகளைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஆணி எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு ஊரும் நிற்கும். எல்லைக்கல் நடும் நாட்களில் கருவியைச் சுற்றிக் கூட்டம் கூடும். புலப்படத்தை வாசிக்க அண்ணாச்சி அப்போதுதான் கற்றுக்கொடுத்தார். பழைய படங்களில் அளவெல்லாம் லிங்க்ஸ் கணக்கு. ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர் சொச்சம், நூறு சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி. மீட்டர் என்று நினைத்துப் படித்தால் ஒருவர் நிலம் இன்னொருவர் கிணற்றுக்குள் போய்விடும். ஒரு வயதான அம்மா தன் வீட்டு வேம்பு உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று கேட்டார். கண்ணால் பார்த்து, வெளியேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி கையமர்த்தினார். இரண்டு கற்களிலிருந்தும் டேப்பைப் பிடித்து, அந்த அம்மாவையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். மரம் உள்ளேதான் வந்தது. "உள்ளதான் வருது தாயி. இழப்பீட்டுக் கணக்குல மரத்தையும் எழுதியிருக்காங்களான்னு மட்டும் அதிகாரிகிட்ட கேட்டுக்கோங்க" என்றார். வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லியிருந்தால், அந்த அம்மா மரத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்காமலே இருந்திருப்பார்.

வேலை முடியும் தறுவாயில், மேலடுக்குத் தார் போடுவதற்கு முந்தைய லெவலை அண்ணாச்சி தானே எடுத்தார். எடுத்து முடித்ததும் புத்தகத்தை என்னிடம் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீ ஒருக்கா ஓட்டிப் பாரு. என் எண்ணப் பாக்காத" என்றார். அவர் கருவியை விட்டு வேறு கருவியில், அவர் நிறுத்திய இடங்களைத் தவிர்த்து வேறு இடங்களில் நிறுத்தி எடுத்தேன். பின்தூரமும் முன்தூரமும் காலடி எண்ணிச் சமமாக வைத்தேன். மாலையில் இரண்டு புத்தகங்களையும் சிறுபாலத் திட்டில் விரித்து வைத்து ஒத்துப்பார்த்தோம். ஆகப் பெரிய வித்தியாசம் 3 மில்லிமீட்டர். அவர் தன் புத்தகத்தில் 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்டிருந்த கட்டத்தைக் காட்டி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டு, என் புத்தகத்தின் அதே கட்டத்தை அவரிடம் நீட்டினேன்.